நீ செய்கிற மூக்கு

பாலக்கரை, திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு,

அப்பா இங்கே சுகம். நான் சொன்னால் நம்பமாட்டாய், பக்கத்து வீட்டு பெலிண்டாவைக் கேட்டுக்கொள். அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, கொரோனாவில் போன வாசனை எனக்கு இன்னும் திரும்பவில்லையா, அங்கேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெலிண்டா ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மூக்கை அடகு வச்சிட்டீங்களாண்ணே என்று போட்டாள் ஒரு சத்தம். அதோடு விட்டாளா, உனக்கும் சொல்லிவிட்டாள். உடனே நீ, ஆராய்ச்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம், அம்மாவும் இல்லாத வீட்ல நீங்க தனியா இருக்கக்கூடாது, டிக்கெட் போட்டுட்டேன், இனிமே உங்ககூடதான்ப்பா என்கிறாய். அடி பைத்தியமே!

நீ என்ன செய்கிறாய் என்று உனக்கே மறந்துவிட்டதா? தண்ணீரே சேர்க்காமல் திரவமாக இருக்கிற உப்பு என்று வீடியோவில் ஒரு குப்பியைக் காட்டினாயே, அதில் தலைமயிரைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்களைக் குழைத்துத் தடவினால் துளி வாயு பட்டாலும் மின்சாரம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றாயே, எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நம் கோயில் பாடகர் குழு சவரிராயனிடம் பெருமையடித்தேன். அவர், குழாய்னா நம்ம போர்வெல்லுக்கு ஆகுமாங்க என்று கேட்கிறார். அதே பஸ்ஸில் ஒரு மல்லிகைக் கூடை என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது, எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கரியையும் உப்பையும் வைத்து என் மகள் ஒரு மூக்கையே செய்கிறாள் என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீ வந்து என் அடுப்பைக் காவல் காத்தால் ஒரு கிழவனுக்குத்தான் பாதுகாப்பு. என்னைப்போல வாசனை போனவர்கள் இன்னும் எத்தனை வீட்டில் தனியாகச் சமைக்கிறார்களோ. கடை அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன், மீன் வறுத்தாலே கத்துகிறது, உன்னுடையது வரும்வரை அது போதும். காற்றில் ஈரம் இருந்தால் உன்னுடையது தடுமாறுகிறது என்றாயே, அதைச் சரிசெய்து முடி. கிறிஸ்துமஸுக்கு வா, திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வா.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கையையும் புத்தியையும் ஆசீர்வதிப்பார். அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத்தான் போன் பண்ண வேண்டும், அதற்கு முன்னால் பண்ணினால் எடுக்கமாட்டேன். எடுத்துவிடுவேன், ஆனாலும் ரத்து செய்.

உன் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்