எதைக் கேட்டாலும் ஹாஞ்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் என்றால் அம்மா பக்கத்தில் இருப்பார்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? செம்பாக்கத்தில் மழை உண்டா?

உதய்ப்பூர் அழகான ஊர்தான். எங்கள் வங்கி வாசலில் நின்றாலே ஏரி தெரியும். "ஊரே காசு கொடுத்துப் பார்க்க வர்ற இடத்துல உனக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வெச்சிருக்காங்கடி" என்று அம்மா சொல்வது உண்மை.

இந்தி புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, யார் எதைக் கேட்டாலும் "ஹாஞ்சி" என்று தலையாட்டிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோக்காரர் ஏதோ கேட்டார், ஆட்டினேன். உடனே இரண்டு ஆண்கள் என் இருபக்கமும் ஏறிக்கொண்டார்கள். வண்டி வேறு பாதையில் திரும்பியது. கத்துவதற்குக்கூட எனக்கு இந்தி வரவில்லை. பார்த்தால் ஒருவர் அந்த ஆட்டோக்காரரின் மாமனாராம், மற்றவர் அவருக்குத் துணையாம். மாமனார் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா கேட்டால் சிரிப்பார்கள். அன்றிலிருந்து நான் ஆட்டோவில் ஏறுவதில்லை. ஏரிப்பக்கமும் போவதில்லை.

இட்லிப்பொடியும் என் தமிழ் பைபிளும் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஜெரூஷா

அப்பா, எனக்கு வேலை கிடைத்ததற்கு ஆலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து கர்த்தருக்கு நன்றி கூறிச் சாட்சி சொன்னீர்கள். அதனால்தான் கேட்கத் தயக்கம். ஒரு வாரம் லீவு போட்டு நீங்கள் மட்டும் வாருங்கள். வந்து பார்த்து, இருக்கலாம் என்று சொன்னால் இருக்கிறேன். இல்லையென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.