சந்தனத்துக்கு அடியில் இருந்த கீறல்

பாளையங்கோட்டை,
8-11-1997

அன்பு மகன் மகேஸ்வரனுக்கு,

அம்மா ஆவுடைத்தாய் எழுதுவது. இங்கே அப்பா நலம், உன் தங்கை விஜயஸ்ரீ நலம். நான் கோபமாக இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. எதிரே பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கப் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குறுக்குத்துறைக் கோயிலைச் சுற்றித் தண்ணீர் போகிறதாம். துணி காயவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ, ஆனால் நான் சொல்வதற்கு மட்டும் திறந்து வை.

நீ அப்பாவுக்கு எழுதியது வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சத்தமாக வாசித்தார். விஜி வில் விடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும், அந்த அம்புகளை யாரிடமாவது கொடுத்துத் தொலைக்க வேண்டும், கல்யாணம் கூடிவருகிற நேரத்தில் கையில் தழும்போடு நிற்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த உன் தங்கை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நீ அமெரிக்காவில் நன்றாகச் சாப்பிட்டிருப்பாய்.

அப்பா உனக்கு எதை எழுதினாரோ, எதை விட்டாரோ. நடந்ததை நான் சொல்கிறேன்.

அந்த அம்புகளைக் கொண்டுவந்தவன் நீதான். அங்கே உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் மான் வேட்டைக்கு வைத்திருந்தது, கார் ஷெட்டை ஒழிக்கும்போது கொடுத்தார் என்றாய். கூடத்துச் சுவரில் மாட்டினால் அழகு என்று ஆணி அடித்தவனும் நீதான். சைவ வீட்டில் மான் அடிக்கிற அம்பா என்று அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார். நீ திரும்பிப் போன பிறகு, விஜிக்கு வில் பழக்குகிற கல்லூரி விளையாட்டு டீச்சர் கிரேஸ் வந்திருந்தார். ஓர் அம்பைக் கழற்றி நகத்தால் தட்டிப் பார்த்தார். பச்சைப் பூச்சு தேய்ந்த இடத்தில் நீளநீளமாக நார் தெரிவதைக் காட்டினார். மரமும் இல்லை, அலுமினியமும் இல்லை, பைபர் கிளாஸ், முப்பது வருஷத்துப் பழசாவது இருக்கும் என்றார். "மழையில மூங்கில் அம்பு கோணிப் போகுது. இது கோணாது. ஒண்ணு நேரா நிக்கும், இல்லன்னா உடையும்" என்றார். கத்தி மாதிரி இருந்த மான் முனையைச் சூடு காட்டிக் கழற்றிவிட்டு, பழகுகிற மொட்டை முனையைப் போட்டுக் கொடுத்தார். நாணில் மாட்டுகிற பிளாஸ்டிக் எல்லாம் இற்றுப்போயிருந்ததால் அதையும் மாற்றினார். கனத்த அம்பு, சீக்கிரம் தாழும், அதனால் குறியைச் சற்று மேலே வைக்க வேண்டுமாம். விஜி ஒரு மாதத்தில் பழகிவிட்டாள்.

பழைய அம்பு என்பதால் விடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சை நான்தான் கிள்ளிக் கொடுப்பேன். அம்பின் மேல் பஞ்சை இழுப்பாள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் காதோரம் வைத்து லேசாக வளைத்து, நொறுங்குகிற சத்தம் வருகிறதா என்று கேட்பாள். ஒருநாள்கூட அதை விட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

ஆயுத பூஜைக்கு உன் அப்பா சைக்கிள், அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். முணுமுணுத்த அதே மனுஷர் அம்பையும் விடவில்லை. கெட்டியாகக் குழைத்துப் பட்டை பட்டையாக அப்பிக் குங்குமமும் வைத்தார். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துத் தொடங்கவேண்டிய நாள். பஞ்சு இழுத்தால் சாமி சந்தனம் போய்விடுமே என்று அவள் அப்படியே மைதானத்துக்கு எடுத்துப்போனாள். சந்தனத்துக்கு அடியில் கீறல் இருந்திருக்கிறது. நாணை விட்டதும் அம்பு பிளந்து, இடது கைப் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. டாக்டர் நார் நாராக எடுத்துத் தையல் போட்டார்.

இதில் அம்பு என்ன செய்தது? பெண் என்ன செய்தாள்? அப்பாவையும் நான் திட்டவில்லை. பக்தியில் செய்தார். ஆனால் தன் கையால் வந்தது என்று ஒப்புக்கொள்ள மனசு வராமல், அம்பு ராசியில்லாதது, வில் பெண்ணுக்கு ஆகாதது என்கிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீயும் அங்கிருந்து அதற்கு ஒத்து ஊதுகிறாய்.

தீபாவளி கழிந்து ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தார்கள். கைக்கட்டைப் பார்த்துக் கேட்டதும் அப்பா முந்திக்கொண்டு, அரிவாள்மனை பட்டுவிட்டது என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "இல்ல மதினி, அம்பு பட்டது. எம் மக வில்லு விடுதா. கார்த்திகைக் கடைசியில மெட்ராஸ்ல மாநிலத் தேர்வுக்குப் போகுதா" என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் பொறவும் விடுவாளா என்று அவர்கள் கேட்டார்கள். விஜி என்னைப் பார்த்தாள். "விடுவேன் அத்தை" என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு அங்கிருந்து தகவல் இல்லை. வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் போகட்டும். அரிவாள்மனைப் பொய்யை நம்பி என் மகளைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

தையல் பிரித்தாயிற்று. முதல் நாள் அம்பு குறிக்குப் போகாமல் மண்ணில் குத்தியது. நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது. ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் அப்பா துணையில்லாமல் நான் மதுரையைத் தாண்டியதில்லை. இப்போது தாண்டப் போகிறேன். அப்பா போகக் கூடாது என்கிறார். நாங்கள் போவோம்.

அம்புகளை யாரிடமாவது கொடுக்கச் சொன்னாய். கொடுத்துவிட்டேன், உன் தங்கையிடம்.

ஆனாலும் அவளுக்கு மனசு சரியில்லை. அப்பா பேசாததைத் தாங்கிக்கொள்கிறாள். நீ எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணனா அப்படி எழுதினான் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இந்த மனசோடு அவள் மெட்ராஸுக்கு வரக்கூடாது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மன்னிப்பெல்லாம் எழுதாதே. இது கிடைத்ததும் போன் செய். வழக்கம்போல அப்பாதான் ஓடிவந்து எடுப்பார். விஜியைக் கூப்பிடச் சொல். கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, ஊரே அதைத்தான் கேட்கிறது. "ஏளா, அம்பு எப்படிப் போகுது?" என்று கேள். அப்பா பக்கத்தை விட்டு நகர மாட்டார். அவர் காதிலும் விழுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே கேள், ராசா.

நெல்லையப்பரும் காந்திமதியும் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். நன்றாயிரு.

போன் மணிக்குக் காத்திருக்கும்
உன் அம்மா,
ஆவுடைத்தாய்