உன் தோளில் இருந்த கை

இன்று காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் புது ஃப்ளெக்ஸ் வாடை முகத்தில் அடித்தது. பக்கத்துக் கடையில் யாருக்கோ காதுகுத்து பேனர் அடித்து, வெளியே விரித்துப் போட்டிருந்தார்கள். உன் பேனரின் நினைவு வந்துவிட்டது.

நீ போய் ஒரு வருஷம் நிறைந்த வாரம் அது. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மன்னார்குடிக்கு வரும் வழியில், நீ பிறந்த ஊர் பஸ் நிறுத்தத்தில், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று உன் அண்ணன் பெரிய பேனர் கட்டியிருந்தார். அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் உன் அண்ணன், உன் தோளில் கை போட்டபடி.

பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டேன். அந்தப் படத்தை எடுத்தவளே நான்தானே. உங்கள் பத்தாவது கல்யாண நாளில், தாராசுரம் கோயில் புல்வெளியில் எடுத்தது. அன்று உன் பக்கத்தில் நின்றவர் உன் வீட்டுக்காரர் முருகேசன். நீ இறந்த அன்று அழுதுகொண்டே அதை என் ஸ்டேட்டஸில் வைத்தேன். அதை எடுத்துத்தான் முருகேசனை அழித்து, அண்ணனை ஒட்டியிருந்தார்கள். முருகேசனுக்குப் பின்னால் மறைந்திருந்த கோயில் சுவரைக்கூட, படத்தை மாற்றித் தரும் ஏதோ ஒரு போன் ஆப் தானாகவே வரைந்து நிரப்பியிருந்தது. கையை மட்டும் அதனால் பிரிக்க முடியவில்லை போலிருக்கிறது. டிராக்டர் கொக்கியில் நசுங்கிக் கோணிப்போன அந்த நகம் முருகேசனுடையது. அந்தக் கை உன் அண்ணனின் சட்டைக் கைக்குள்ளிருந்து நீண்டு, உன் தோளைப் பிடித்திருந்தது.

வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டாய் என்று உன்னைத் தலைமுழுகிய அண்ணன். உன் பதிவுத் திருமணத்துக்கு உன் பக்கத்திலிருந்து வந்தது சிநேகிதி நான் ஒருத்திதான். பழைய படத்திலிருந்து உன் அப்பா அம்மாவை எடுத்துக் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தருகிறேன் என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். தினமும் கடையில் செய்கிற வேலைதானே. நீ கோபப்பட்டாய்.

"வராதவங்கள வந்த மாதிரி காட்டாதடி. வரலைங்கறதும் என் கல்யாணத்துல நடந்ததுதான்."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்த நாலு மாதமும் முருகேசன்தான் உன்னைத் தூக்கி உட்கார வைத்தார், ஊட்டிவிட்டார். வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய். யாரை எதிர்பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை. உன் அண்ணன் வரவே இல்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து நேராக உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"சொந்தக்காரங்க கேக்குறாங்கம்மா, தங்கச்சிக்கு ஒண்ணும் செய்யலையான்னு. இப்பல்லாம் போன்லயே பண்ணிடுறாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"பதினோரு வருஷமா வராதவரு, அஞ்சு நிமிஷத்துல வந்துட்டீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெல்லைக் காலால் கிளறினார்.

மறுநாள் முருகேசன் கடைக்கு வந்தார். பேனர் விஷயத்தை அவரிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். ஆனால் உன் மகளின் பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

"பாப்பா கேக்குறாக்கா, 'அம்மா பக்கத்துலேருந்து உன்ன ஏம்ப்பா எடுத்துட்டாங்க'ன்னு. நான் என்னக்கா சொல்றது?"

கடையை அடைத்துவிட்டு அவர் பைக்கில் ஏறினேன்.

பட்டப்பகல். பஸ் நிறுத்தத்து டீக்கடை நிறைய ஆட்கள். முருகேசன் ஏணியில் ஏறிப் பேனர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியதும் ஒருவர் எழுந்து வந்தார்.

"யாரக் கேட்டு அவுக்குற?"

முருகேசன் தன் வலது கையை விரித்துக் காட்டினார். "என் பொண்டாட்டி படங்க. இந்தக் கையும் என்னுதுதாங்க. பாத்துக்குங்க."

வந்தவர் அந்த நகத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். உன் முகத்தில் புழுதி படாமல் உட்பக்கமாக வைத்து முருகேசன் பேனரைச் சுருட்டினார்.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"என் தங்கச்சி பக்கத்துல நான் ஒரு தடவ நிக்கக் கூடாதாம்மா?"

குரல் உடைந்து அழுதார். பொய் அழுகை இல்லை, அது எனக்குத் தெரிந்தது. அப்படியும் என் மனசு இளகவில்லை.

"நிக்கணும்னா ஆஸ்பத்திரியில இடம் இருந்துச்சுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நீயாக இருந்தால் அந்த அழுகையைக் கேட்டதும் மன்னித்திருப்பாய். கட்டிலில் கிடந்தபோதுகூட அவரைப் பற்றி நீ ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என்னால் அது முடியாது. நீ படாமல் விட்டுப்போன கோபத்தையும் சேர்த்து இன்னமும் நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.