ரெண்டு கையும் மேலே

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் விரல்களில் சால்டரிங் பேஸ்ட்டின் வாசனை போகவில்லை. இந்த வாசனை எழுந்தால் நீ அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாய்: "இன்னாங்க, மறுபடியும் ஊதுவத்தி கொளுத்திட்டீங்களா?" பிறகு வந்து ஜன்னலைத் திறந்து வைப்பாய். இன்று நானே எழுந்து திறந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு இந்த வாசனை வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இத்தனை நாளும் நான் எதையும் திறக்கவில்லை. மிக்ஸி நின்று போயிற்று; அலமாரியில் ஏற்றி வைத்தேன். ரேடியோ கரகரத்து ஓய்ந்தது; அதையும் பக்கத்திலேயே வைத்தேன். நம் லைன் வீடுகளில் யாராவது டார்ச் லைட்டையோ சார்ஜரையோ நீட்டினால், கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். கண் சரியாகத்தான் இருக்கிறது. பியூஸ் கட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. சுரங்கத்தின் மின் பிரிவில் நான் வரைபடங்களோடு இருந்தவன், இயந்திரத்தைத் தொட்டவனல்ல. ஆனாலும் கீழே சுரங்க மட்டத்தில் பம்பைக் கழற்றப் போகிறவன் முதலில் பியூஸை உருவித் தன் பையில் போட்டுக்கொள்வான், சுவிட்சில் தன் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பான் என்பது எனக்குத் தெரியும். டோக்கன் யாருடையதோ அவன்தான் அதைக் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேறு யாரோ அவசரத்தில் அதைக் கழற்றி, வேறு பியூஸைப் போட்டுவிட்டார்கள். கேஜ் லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுவந்த அந்த ஆளின் கைகளை நான் பார்த்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் டேபிள் ஃபேனைக் கழற்றியபோது, வராந்தா போர்டில் மெயினை இறக்கி, வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையை உருவி உன் கையில் கொடுத்தேன்.

"உங்க பாக்கெட்லியே வச்சிக்கினா இன்னா?" என்று கேட்டாய்.

"என்னை நம்ப முடியாது."

"பி.எஸ்ஸி. படிச்சவரு பேசற பேச்சா இது? எங்கப்பா நல்லா ஏமாந்துட்டாரு போங்க."

நான் விளக்கினேன். பழுது பார்க்கிறவனுக்கு அது ஓடுவதைப் பார்க்கும் அவசரம் இருக்கும். அவசரப்படுகிறவன் கையில் பியூஸ் இருக்கக் கூடாது. வேறொரு ஜோடிக் கண் பார்த்த பிறகுதான் கரண்ட் வர வேண்டும். நீ கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, "சரிங்க இன்ஸ்பெக்டரே" என்றாய். பிளக்கைப் பிடுங்கினாலே போதும் என்கிற சாமான்களுக்கும் அன்றிலிருந்து அதே முறைதான். வேலை முடிந்ததும் மேசையில் பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு நான் விலகி நிற்க வேண்டும். நீ வராந்தாவிலிருந்து கேட்பாய்:

"கை எங்க?"

"ரெண்டு கையும் மேலே."

"காட்டுங்க."

நிலைப்படி வழியாக எட்டிப் பார்ப்பாய். அகப்பட்ட திருடனைப் போல நான் கைகளைத் தூக்கி நிற்பேன். "அப்டியே நில்லுங்க, ஒரு போட்டோ புடிச்சி மாட்டலாம்" என்பாய். அதன் பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பாய். அவிழ்க்கும்போது உன் உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து அப்படியே வந்து நிற்கிறாய் என்று எனக்குக் கோபம் வரும். "ஈரக் கையோட தொடாதே, தொடைச்சிட்டுப் போடு" என்று அதட்டுவேன். நீ இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாய். ஒரு தடவைகூட நான் அதட்டாமல் விட்டதில்லை.

இன்று காலை தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மேரி தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மார்போடு ஒரு பெட்டியை அணைத்தபடி வந்தாள். அவள் புருஷன் அந்தோணி மருந்தைப் புகையாக இழுக்கிற நெபுலைசர் மெஷின். சுரங்கக் கல் தூசி ஏறிய நெஞ்சு. மழை வந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

"அண்ணா, மெஷின் செத்துப்போச்சு. பாதி மருந்து இழுத்தாரு, டக்குனு நின்னுடுச்சி. பையனுக்கு போன் போட்டேன், வேலைக்குப் போற ரயிலு பங்காரப்பேட்ட தாண்டிடுச்சாம். வேற மெஷின் வாங்கினு வர ராத்திரி ஆயிடும்ன்றான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க மேரி. இது மருந்து மெஷின். என்னை மாதிரி ஆள் தொடக் கூடாது."

"வரமாட்டேன்றாரே! போனா படுக்க வச்சிடுவாங்களாம். நீங்க ஒரு வாட்டி தொறந்து பாருங்க. ஆவலன்னா நான் கட்டி இழுத்துகினாவது போறேன்."

எதிர் வாசலில் அந்தோணி முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தெருவின் அகலத்தைத் தாண்டி அவன் மூச்சு எனக்குக் கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவது போன்ற சத்தம். ஆட்டோக்காரனுக்கு இப்போதே சொல்லி வாசலில் நிறுத்தி வை, அந்தோணியின் உதடு நிறம் மாறினால் எனக்காகக் காத்திருக்காதே என்று மேரியிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். நான் மெயினை இறக்கினேன். பியூஸ் கட்டையை உருவினேன். கொடுக்கக் கை நீண்டது. வராந்தாவில் யாருமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலோரத்துக்கு மேசையை நகர்த்தி அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினேன். முதலில் மூக்கு. கருகிய வாசனை இல்லை. அது ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கோ என் மூக்கின்மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை முகர்ந்தேன். பிறகு கண். கறுத்த இடமோ உருகிய இடமோ இல்லை. பிறகு மீட்டர். பிளக் முனையிலிருந்து உள்ளே வரை ஒயரைச் சோதித்தேன், பீப் வந்தது. சரி, ஒயரில் குறையில்லை, மோட்டார்தான் போயிற்று. மோட்டார் என்றால் என்னால் ஆகாது. மேரியைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது உன் பேச்சு நினைவுக்கு வந்தது. நீ கோபத்தில் சொன்னது: "மெஷின சந்தேகப்படுங்கன்னா உங்களயே சந்தேகப்பட்டுகினு ஒக்காந்து கீறீங்களே!"

மீட்டர் முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வளைத்ததும் பீப் நின்றது. நிமிர்த்தினால் வந்தது, வளைத்தால் நின்றது. மேரி சுத்தக்காரி. ஒவ்வொரு தடவையும் ஒயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டித்தான் எடுத்து வைப்பாள். மேல்தோல் முழுதாக இருக்க, உள்ளே கம்பி இற்றுப்போயிருந்தது. நைந்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல கம்பியை உரித்து, சூட்டுக்கோலை அடுப்பில் காய்ச்சி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். புகை எழுந்தது. ஒரு பக்கம் வைத்ததும் இழுத்துப் பார்த்தேன், மறு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், மூடுவதற்கு முன் மறுபடியும் பார்த்தேன். மூடிய பிறகு திறந்தும் பார்த்தேன். சரி, நீ சிரி.

கடைசியில் பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, விலகி நின்று, இரண்டு கைகளையும் தூக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

நின்றேன். மெஷின் மூச்சே விடவில்லை. எங்கே தப்பு? ஈயம் வழிந்து இரண்டு கம்பியையும் சேர்த்துவிட்டதா? இருந்த மெஷினையும் கெடுத்துவிட்டேனா? எதிர்வீட்டு மூச்சு இப்போது இன்னும் மெல்லியதாகக் கேட்பது போலிருந்தது. அந்தோணிக்கு ஏதாவது ஆனால் என் மேசையில் வீணான நேரத்தால்தானே ஆகும்? கைகள் தூக்கியபடியே இருந்தன, இறக்கத் தோன்றவில்லை.

மேரி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா இது? யாரு துப்பாக்கி காட்டறாங்க?"

"மேரி, மெஷினைக் கெடுத்துட்டேன்னு நினைக்கிறேன். கரண்டே ஏறலை. நீ அவரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

அவள் மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். "ஃபேனே சுத்தலியேண்ணா. எங்க வூட்ல கரண்ட் கீது. உங்க வூட்லதான் இல்ல."

சட்டைப் பையில் கை வைத்தேன். பீங்கான் தட்டுப்பட்டது.

உனக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாது. இத்தனை வருஷமும் என் வேலை கைகளைத் தூக்குவதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது உன்னுடையது. நம் வீட்டில் பியூஸைத் திரும்பப் போட்ட கை ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை.

கட்டையை மேரியிடம் நீட்டினேன். "அய்யோ, நான் தொடமாட்டேன்! அக்கா போடுவாங்க, நான் வேடிக்கதான் பாத்துகினு இருப்பேன்" என்று பின்வாங்கினாள். ஒரே ஆள் கையைத் தூக்கிக்கொண்டும் பியூஸைப் போட்டுக்கொண்டும் இருக்க முடியாது. மெஷினில் புகை வந்தால் பார்த்துச் சொல்ல உள்ளே ஒருவர் வேண்டும். அதனால் அவளை மேசைக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு நான் வராந்தாவுக்குப் போனேன். போர்டுக்கு முன்னால், நீ நிற்கிற இடத்தில் நின்றேன்.

"கை எங்க, மேரி?"

"மேலதாண்ணா கீது ரெண்டும்."

"காட்டு."

எட்டிப் பார்த்தேன். மேரி கண்களை இறுக மூடி, கைகளை உயர்த்தி நின்றாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்திருந்தன. அந்தப் பெட்டிக்குள் நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே நிற்கிறாள். இனி நடப்பதெல்லாம் என் கையில். கேஜிலிருந்து இறக்கிய அந்தக் கைகள் கண்முன் வந்தன. பியூஸ் கட்டை விரல்களுக்குள் வழுக்கியது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். தண்ணீரை நான் தொடவேயில்லை. உள்ளங்கை முழுவதும் வேர்த்திருந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். "அண்ணா, கை வலிக்குது, போடுங்க" என்று மேரி கத்திய பிறகுதான் இடுப்பு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டையை அழுத்திப் பொருத்தி, மெயினை ஏற்றினேன்.

மெஷின் இரைந்தது. மேலே ஃபேன் சுற்றியது. மேரி கைகளை இறக்காமலே "ஓடுது, ஓடுது" என்றாள். மெஷினின் உடம்பெங்கும் டெஸ்டரை வைத்துப் பார்த்து, சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகுதான் கொண்டுபோகச் சம்மதித்தேன். நானும் கூடவே போனேன். மருந்து தீரும்வரை அந்தோணியின் எதிரில் உட்கார்ந்து மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றுவிடும், நின்றுவிடும் என்று எனக்கு ஒவ்வொரு நொடியும் தோன்றியது. மெல்ல அவன் முதுகு நிமிர்ந்தது. மூச்சின் விசில் சத்தம் அடங்கியது. முகமூடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தான்.

"இன்னாண்ணா, எனக்கு மேல உங்களுக்கு மூச்சு வாங்குது? இந்தாங்க, நீங்களும் ரெண்டு இழுப்பு இழுங்க."

ராத்திரி மகன் புது மெஷினைக் கொண்டுவரட்டும், இதை நம்பி இருக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டோக்காரன் டீ குடித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போய் நீ பாத்திரம் தேய்க்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கிருந்து வராந்தாவுக்கு வர அடுப்படியைக் கடந்து, நான் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் திருகைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நீ ஒரு தடவையும் என்னைத் தாண்டிப் போனதில்லை. கட்டையை வாங்கியதிலிருந்து போர்டுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறாய். உன் கை எந்தத் தண்ணீரையும் தொட்டதில்லை. நான் அதட்டியபோதெல்லாம் இடுப்பில் துடைத்துக்கொண்டு சிரித்தாய், அவ்வளவுதான்.

நாளை மேரியின் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மிக்ஸியையும் இறக்க வேண்டும். பயம் முழுவதும் என்னுடையது என்று எண்ணியே இவ்வளவு காலம் இருந்துவிட்டேன். பாதியை நீ முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாய். இன்று அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.