பூசணிக்குள் மாட்டிய கரடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். விடுதிச் சாப்பாட்டோடு சமாதானமாகிவிட்டேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை இங்கே தெருமுனை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்பவர் வரவில்லை. "தம்பி, வாய் கிழியப் பேசுவியே, இப்ப பேசு!" என்று நூலகர் அக்கா என்னை உட்காரவைத்தார். நீ சொல்லும் பூசணிக்குள் மாட்டிய கரடிக் கதையை உறுமி, உருண்டு சொன்னேன். ஒரே கைதட்டல்!

"கரடி வெளிய வந்துச்சா இல்லையா?" என்றது ஒரு வாண்டு.

யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் நீ ராத்திரி கதை சொல்லும்போது அந்த இடத்தில்தான் நான் தினமும் தூங்கிப்போவேன். "மீதி அடுத்த வாரம்" என்று சமாளித்தேன். அக்கா அதை வாசலில் எழுதி ஒட்டியே விட்டார்.

என் மானம் கப்பலேறுமுன் கதையை உன் குரலில் பதிந்து அனுப்பு. முடிவு மட்டும் போதாது, முதலிலிருந்தே சொல்லு. நடுவில் தூங்கிவிட்டால் மறுபடி போட்டுக்கொள்வேன்.

வகுப்புக்கு ஓடுகிறேன்,
உன் கடைக்குட்டி