இழைப்புளிக்குப் புளியங்கட்டை

12 ஆகஸ்ட் 1968, திங்கள்.

பலகையை வழவழப்பாக்க நானே செய்துவந்த இழைப்புளி முடிந்துவிட்டது. மனம்தான் இன்னும் அடங்கவில்லை.

பெட்டி போன்ற அதன் இரும்பு உடலை மாதக்கணக்கில் வீட்டிலேயே அரம் போட்டு ராவினேன். உள்ளே மரத்தை இறுக்கிக் குறுக்கே ஆணி அறைவதுதான் பாக்கியாக இருந்தது. கருவேலங்கட்டை இரண்டு தடவையும் ஆணி இறங்கும்போதே பிளந்தது. இரும்பின் பக்கமும் லேசாக வளைந்துவிட்டது. இன்னொரு தடவை தாங்காது. எம்.ஏ. பாதியில் நிற்கிறது. இதுவும் அப்படியே நின்றால்...

சரசு வந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் எதையும் முடித்து அவள் கண்டதில்லை.

"இழைப்புளின்னு பேர வச்சுக்கிட்டு கருவேலத்தத் திணிச்சா? புளியதான வைக்கணும்."

"அது புளி இல்ல சரசு, உளி. இழைப்பு உளி."

"படிச்சவுக பிரிச்சுச் சொல்வீக. எனக்குச் சேந்துதான் கேக்குது."

கறி வெட்டும் பழைய புளியங்கட்டையை அடுப்படியிலிருந்து தூக்கி வந்தாள். "எத்தன ஆட்டெலும்பு பாத்த கட்ட. உங்க சுத்தியலுக்கா பயப்படப் போகுது?"

வேறு மரம் இல்லை. அறுத்துச் செதுக்கினேன், துளையிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஆணியை அறைந்தேன். பிளக்கவில்லை. அலகை இறுக்கிப் பலகையில் தள்ளினேன். மரச்சுருள் வெங்காயத் தோல் போல மெல்லிசாக வந்தது.

"முடிஞ்சுருச்சா?" என்றாள்.

"முடிஞ்சுருச்சு."

நான் அப்படிச் சொன்னதை அவள் நம்பாதவள்போலப் பார்த்தாள். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.