ஓடாவி என்பது மற்றவர் சொல்வது

ஜூன் 11

மைத்துனனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். படகுப் பட்டறையில் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து முதுகில் அடி. மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், குனியவே கூடாது என்கிறார் டாக்டர். கால் அசைகிறது. அதுவே போதும். என் மனைவி தம்பியின் கால் கட்டைவிரலை ஆட்டச் சொல்லி ஆட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதாள்.

சீட்டு எழுதிய நர்ஸ், கூட வந்த என்னிடமும் என்ன வேலை என்று கேட்டாள். யோசிக்காமல் "ஓடாவி" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "படகு, கப்பலெல்லாம் கட்டுறவரும்மா" என்று விளக்கினேன். வலியில் கண்ணை மூடிக் கிடந்தவன் வாயைத் திறந்தான்.

"மச்சான், அத நீங்க சொல்லக் கூடாது."

அவன் சொன்னது சரிதான். எங்கள் பட்டறையில் அதுதான் வழக்கம். தச்சன் என்று எவனும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். ஓடாவி என்று மட்டும் தன் வாயால் சொல்லிக்கொள்வதில்லை. படகில் ஏறுகிறவர்களும் கூட வேலை செய்கிறவர்களும்தான் சொல்ல வேண்டும். ஊரே அப்படி அழைக்கும் மைத்துனன்கூட, யாராவது கேட்டால் "மர வேலை" என்பான். நானோ வீட்டுக் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்து, கடை படுத்த பிறகு இங்கே வந்தவன். பட்டறையில் எனக்குப் பெயரே கதவு. மரியாதை கூடினால் கதவண்ணன்.

ஜூன் 14

படகு பாதியில் நிற்கிறது. அடிமரமும் விலா மரங்களும் மைத்துனன் கைவேலை. அவற்றின் மேல் பலகை போர்த்துவது பாக்கி.

படகுக்காரம்மா வந்தார். ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். அவருடைய பழைய படகு உள்ளே தண்ணீர் விடுகிறது, மழை வலுப்பதற்குள் புதியது வேண்டும். வேறு பட்டறையிலிருந்து ஆள் கூட்டி வரட்டுமா என்று மைத்துனனிடம் போனில் கேட்டிருக்கிறார். "எதுக்கு? எங்க மச்சான் முடிப்பாரு" என்றானாம்.

என்ன தைரியத்தில் சொன்னான்? பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூன் 15

சந்தோஷம் போய்விட்டது. பயம் இருக்கிறது.

ஜூலை 2

அடிப்பலகைகள் ஏறிவிட்டன. பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை நுழையாது. தடவித் தடவிப் பார்த்தேன். வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன் போலிருக்கிறது.

"வீட்ல ஏற்கெனவே ஒரு முதுகு போச்சு. உங்க முதுக நீங்களே மெதுவா தட்டிக்கங்க" என்றாள் மனைவி.

ஜூலை 9

நேற்று பெய்த மழையில் தார்ப்பாய் விலகி, படகின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பலகை ஊறி, விரிய இடமில்லாமல் வயிறு தள்ளி நிற்கிறது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கின்றன.

கதவு செய்தவன் புத்தி. இடுக்கே தெரியாமல் சேர்த்தால் கதவு வேலையில் கெட்டிக்காரன். படகுப் பலகைக்கு வெளிப்பக்கம் இடுக்கு விட வேண்டும். அதில் பஞ்சு திணித்து அடைத்தால், பலகை தண்ணீரில் ஊறி அதை இறுக்கிக்கொள்ளும். எனக்குத் தெரியாததா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பஞ்சு அடைக்கிறவர் வரும்வரை ஒருவரும் கவனிக்காமலே இருந்திருப்போம்.

பிதுங்கியதை இழைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது என்றான் ஒருவன். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவன் சொல்வதற்குமுன் எனக்கே அது தோன்றியிருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறுற படகு. பெயிண்ட் அடிச்சு மறைச்சு, நட்டாத்துல பலகை விட்டிருந்தா? ஐயோ, நெனைக்கவே முடியல. இந்த மழைக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடணும்.

ஜூலை 10

சொல்லிவிட்டேன். முதலில் மைத்துனனிடம் போனில். கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் முதுகு வலித்து "அம்மா" என்றான். "ஒங்களுக்குக் கதவுன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்கானுங்க. பிரிச்சிடுங்க மச்சான். விலாமரம் விரிசல் விட்டிருக்கான்னு பாத்துக்கங்க." அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. என்னைவிட எட்டு வயது சின்னவன், அவனிடம் இருக்கிற நிதானம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிறகு படகுக்காரம்மாவிடம். மரத்துண்டின்மேல் உட்கார்ந்து, பிதுங்கிய பலகையைத் தடவிப் பார்த்தார்.

"மழைக்குள்ள முடியாது, அப்படித்தானே?"

"முடியாதும்மா. தப்பு என்னோடது."

"பழைய படகுல இன்னும் கொஞ்ச நாள் தண்ணி எறச்சுக்கிறேன். பாதி ஆளத்தான் ஏத்தணும், வேறென்ன. நீங்க பிரிச்சு ஒழுங்கா மாட்டுங்கண்ணே."

திட்டியிருந்தால் திரும்பப் பேசியிருப்பேன். அந்த "அண்ணே" என்னை உட்கார வைத்துவிட்டது.

ஜூலை 28

பிரிக்கிறோம். விலாமரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த பலகைகளுக்குப் பதில் புதியவை இழைக்கிறேன். ஒவ்வொரு பலகைக்கும் இடுக்கு விடும்போது கை கூசுகிறது, யாரோ பார்த்துச் சிரிப்பதுபோல. விடுகிறேன்.

செப்டம்பர் 20

படகு தண்ணீரில் இறங்கியது. இறங்கிய கையோடு உள்ளே கசிந்தது. கசியத்தான் செய்யும், பலகை ஊறி இறுகும்வரை அப்படித்தான். எல்லாரும் சாதாரணமாக டீ குடித்தார்கள். நான் மட்டும் வாளியை வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

"கதவண்ணே, தாழ்ப்பாள் போட்டுட்டு வெளிய வாங்க" என்றார்கள்.

செப்டம்பர் 22

கசிவு நின்றது. அடியில் கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? ஏசாத அவனுக்கு, காத்திருந்த அந்த அம்மாவுக்கு, ராப்பகலாக என் புலம்பலைக் கேட்ட இவளுக்கு. நேரில் சொல்ல வாய் வருவதில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 16

படகுக்காரம்மா கரையில் பார்த்து நலம் விசாரித்தார். நல்ல மழையிலும் படகு சொன்னபடி கேட்கிறது என்றார். "வரட்டுமாண்ணே" என்று கிளம்பினார். வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேனா? இருந்தேன். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 27

மைத்துனன் நடக்கிறான். பட்டறைக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றினான். மனது நிறைந்தது.

டிசம்பர் 5

காலையில் வாசலில் ஒருவர். வெளியூர்க்காரர், மீன்பிடிப் படகு கட்ட வேண்டுமாம். "ஓடாவி வீடு?" என்றார். எனக்குப் பழக்கமான கேள்விதான். கையை நீட்டி, அடுத்த தெரு, பச்சை கேட் என்று மைத்துனன் வீட்டுக்கு வழி சொன்னேன்.

"அங்கேருந்துதான் வர்றேன்" என்றார். "பச்சை கேட்டுக்காரர்தான் அனுப்பினாரு. 'நான் இப்பக் கூடமாட வேலை செய்றவன். ஓடாவி எங்க அக்கா வீட்டுக்காரரு, அவரப் போய்ப் பாருங்க'ன்னாரு."

என்ன மரம், எத்தனை அடி, எப்போது வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து நாற்காலியோடு வந்த என் மனைவிதான் எல்லாவற்றையும் கேட்டாள்.